எட்டு வெள்ளிக்கிழமை டத்தோ பெயருக்கு அர்ச்சனை

போன வருஷம் ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, மந்தின் பக்கம் இருக்கிற நம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் போகவில்லை. ரஹாங்கில் எங்கள் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மன் மேல் கோபம்.

என் பெயர் கோமதி. அந்த எஸ்டேட்டில்தான் பிறந்தேன், அங்கே இருந்த தமிழ்ப்பள்ளியில்தான் படித்தேன். அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார், இருபத்திரண்டு வருஷம். நான் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் கன்சல்டன்ட். அது என்ன வேலை என்று கோயிலில் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். மற்ற கம்பெனிகளில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. என் கோளாறு எனக்குத் தெரியாமல் இருந்த கதைதான் இது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. என் நிலையில் இருப்பவர்கள் சில வருஷத்துக்குள் வெளிநாட்டில் ஒரு நல்ல பிஸ்னஸ் ஸ்கூலில் இடம் வாங்கிப் படித்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் மரியாதையாக வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். நான் இரண்டு முறை ஒரே பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். போன வருஷம் மூன்றாவது முறை. அதுவும் போனால் வருஷக் கடைசியில் நானும் போக வேண்டியதுதான்.

அந்த விண்ணப்பத்தில் முக்கியமான ஒன்று பரிந்துரைக் கடிதம். நம் வேலையை அறிந்த ஒருவர் நம்மைப் பற்றி எழுதித் தர வேண்டும். இதைப் படித்ததும் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே யோசனைதான் வந்தது. பெரிய ஆளாகப் பிடிக்க வேண்டும். நம் எஸ்டேட் ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அடையாளக் கார்டு எடுக்கப் போனாலும் எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் கிராணி கையெழுத்து, பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கப் போனாலும் கிராணி கையெழுத்து. எஸ்டேட்டை விட்டு வெளியே வந்த பிறகு கிராணி இருந்த இடத்தில் அரச பட்டம் வாங்கிய டத்தோ வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு டத்தோவைப் பிடித்தோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். என்னை அவர் மொத்தம் இரண்டு தடவை பார்த்திருக்கிறார், அதில் ஒன்று கல்யாணப் பந்தியில்.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு வெட்கமான விஷயம். அந்தக் கடிதங்களை டத்தோ எழுதவே இல்லை. "நீங்களே எழுதிருங்க லா, டத்தோ பாத்துக்குவாரு" என்றார் அவருடைய செக்ரட்டரி. நானே எழுதினேன். என்னை நானே வானளாவப் புகழ்ந்தேன். இரண்டு வருஷமும் அவர் பெயரில் அதுதான் போனது. அப்படிச் செய்யக் கூடாது என்று பள்ளியின் விதியில் தெளிவாகப் போட்டிருந்தது. நானும் படித்தேன். எல்லாரும் செய்கிறதுதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாவது முறை வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஒன்பது வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்குப் போடுகிறேன், டத்தோ இந்த முறை இன்னும் பெரிதாக, தன் கம்பெனி முத்திரையோடு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று. வேண்டுதல் பலிக்க வேண்டுமே என்று செக்ரட்டரியிடம் டத்தோவின் ராசி நட்சத்திரம்கூட வாங்கிவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்து கோலாலம்பூரிலிருந்து நேராக மந்தின். செம்பனைக்குள் அந்த மண்சாலையில் என் சின்னக் கார் தவழ்ந்து போகும். பூசாரி அண்ணன் கேட்கும்போது டத்தோ பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்யச் சொல்வேன். இப்படி எட்டு வெள்ளி.

ஒன்பதாவது வெள்ளிக்கு முந்தின நாள், ஆடிக் கடைசி வியாழக்கிழமை, டத்தோ அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தச் செக்ரட்டரி வேலையை விட்டுவிட்டாராம். டத்தோ குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார் புதிதாக வந்தவர். நான் யார் என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே நான் யார் என்று சந்தேகம் வந்துவிட்டது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்கு அழுதேன். அப்பா அதைவிட இடிந்து போய்விட்டார். "டத்தோ சைன் இல்லாம எவம்மா உன்னைச் சேத்துக்குவான்?" என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். எட்டு வாரம் விளக்குப் போட்டு ஒன்பதாவது வாரம் கை கழுவிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். அதனால்தான் கூழ் ஊற்றும் நாளில் படுத்துக் கிடந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். பக்தியால் இல்லை, சண்டை போடத்தான் போனேன். விளக்கு இல்லை, பூ இல்லை, தேங்காய் இல்லை. வெறுங்கையோடு போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசாரி அண்ணன் என்னைப் பார்த்தார். எட்டு வாரப் பழக்கம், நான் வாயைத் திறக்கும் முன்பே தட்டை எடுத்துக்கொண்டு டத்தோ பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது.

"அவருக்கு வேணாண்ணே. என் பேருக்குப் பண்ணுங்க" என்றேன்.

"உன் நட்சத்திரம் என்னம்மா?" என்று கேட்டார்.

எட்டு வாரமாக அந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட என் பெயரைச் சொன்னதில்லை. அனுஷம் என்றேன். அவர் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகச் சொல்லி அம்மன் காலில் பூப் போட்டார். அருள் வந்து ஆடவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் மனசில் வந்தது. என்னை, என் வேலையை, நிஜமாகவே பார்த்த ஆள் யார்?

விடை உடனே தெரிந்தது. மிஸ் லிம்.

மிஸ் லிம் எங்கள் மேலதிகாரி. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு செம்பனை எண்ணெய் மில்லுக்கு நாங்கள் வேலை செய்தோம். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு லோரிகள் வாசலில் வரிசை பிடித்து நிற்கும், குலைகள் வெயிலில் கெட்டுப்போகும். காரணம் கண்டுபிடிக்க வேண்டும். நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மில் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளைப் பார்த்து, டிரைவர்கள் வழியில் சோம்பேறித்தனமாக நிற்கிறார்கள், கண்டிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். மில் மேனேஜர் அதைப் படித்துவிட்டு எல்லார் முன்னாலும் சிரித்தார், வாழ்க்கையில் லோரியைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். மிஸ் லிம் அதே அறையில் என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டார். மூன்று வாரம் மில்லிலேயே இருந்து சரியான காரணத்தோடு வா என்று அனுப்பிவிட்டார்.

உண்மையில் காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். அறுத்த குலைகளை ரோட்டோரம் அடுக்கி வைப்பார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து எண்ணி எழுதும் வரை லோரியில் ஏற்றக் கூடாது. எண்ணி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அப்புறம் எல்லா எஸ்டேட் லோரியும் ஒரே நேரத்தில்தான் மில்லுக்கு வரும். அப்பா சாப்பிடும்போதெல்லாம் புலம்புவது இதைத்தான். ஆனால் அந்த அறையில் நான் லோரி டிரைவர் மகள் என்று தெரிந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா செய்த வேலையையே சோம்பேறித்தனம் என்று எழுதினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அந்த மூன்று வாரம் டிரைவர்களோடு நின்று, மண்டோர்களோடு பேசி, எஸ்டேட்டுக்கு எஸ்டேட் எண்ணும் நேரத்தைக் காலையிலிருந்தே மாற்றி மாற்றி வைத்தோம். மூன்று மணி வரிசை காணாமல் போனது. மிஸ் லிம் நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. என்னை அவருக்கு ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு வருஷமாக ஒன்று கேட்க நினைத்தேன் என்றார். முதல் அறிக்கையை லோரியே பார்க்காதவள் மாதிரி எழுதினாய், மூன்று வாரத்தில் லோரி ஓட்டியவள் மாதிரி எழுதினாய், அது எப்படி என்றார். எங்கள் அப்பா அந்த லோரிதான் ஓட்டினார் என்றேன். அப்படியானால் முதல் அறிக்கையை ஏன் அப்படி எழுதினாய் என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கிறது.

எழுதித் தருகிறேன், ஆனால் இரண்டையும் எழுதுவேன், தப்பையும் சேர்த்துத்தான், வேண்டாமென்றால் வேறு ஆளைப் பார் என்றார். வேறு ஆள் ஏது? சரி என்றேன். அன்றே வீட்டுக்கு வந்து என் கட்டுரைகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். தலைமைத்துவம், தொலைநோக்கு என்று அதில் இருந்ததை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். புதிதாக, அந்த மில்லையும் லோரியையும் அப்பாவையும் எழுதினேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் அனுப்பினேன்.

அக்டோபரில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வீடியோவில்தான். இப்போது எனக்கு வேறு பயம். பழைய விண்ணப்பங்கள் அவர்களிடம் இருக்கும் அல்லவா? மறுபடியும் கோயிலுக்குப் போய், தாயே, அந்தப் பழைய கடிதத்தைப் பற்றி மட்டும் கேட்காமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன்.

கேட்டார்கள். பத்தாவது நிமிஷத்தில் நேர்முகம் நடத்திய அம்மையார் கோப்பைப் பார்த்துக்கொண்டே, முன்பு இரண்டு வருஷமும் ஒரு டத்தோ உங்களை அவ்வளவு புகழ்ந்து எழுதியிருக்கிறாரே, இந்த வருஷம் ஏன் அவர் எழுதவில்லை என்றார். அவருக்கு நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை அது. வாயில் வேறு வந்தது. அந்தக் கடிதங்களை நான்தான் எழுதினேன், அவர் பெயர் மட்டும்தான் அவருடையது, அது தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். சொன்னதற்கு நன்றி என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முடிந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். வேறு வேலைக்கு மனுப் போடவும் ஆரம்பித்துவிட்டேன். தீபாவளி வந்தது, முறுக்கு தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் ஆச்சரியமாக, தூக்கம் வந்தது. பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. உங்கள் வெளிப்படையான பதிலை நாங்கள் நீண்ட நேரம் விவாதித்தோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. எப்படி விவாதித்தார்கள், யார் எனக்காகப் பேசினார்கள், எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான்.

நான் அம்மனிடம் கேட்டது இரண்டு. டத்தோ கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன், தரவில்லை. அந்தக் கேள்வி வரக் கூடாது என்று கேட்டேன், வரவைத்தாள். செக்ரட்டரி வேலையை விட்டதும் டத்தோ வெளியூர் போனதும் தற்செயல்தான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். நான் கேட்டபடியே நடந்திருந்தால் மூன்றாவது பொய்க் கடிதத்தோடு இன்றைக்கு எங்கே நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் எங்கே வேலைக்குப் போனாலும் முதல் கூட்டத்திலேயே அப்பா என்ன வேலை செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். ஒருவரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.

உங்களுக்கும் ஏதாவது வேண்டுதல் இருக்கும். கேளுங்கள். கிடைக்காவிட்டால் கோபப்படுங்கள், என் அளவுக்கு யாரும் கோபப்பட்டிருக்க முடியாது. ஆனால் கோபத்தோடாவது வந்து அவள் முன்னால் நில்லுங்கள். பூசாரி அண்ணன் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த மின்னஞ்சல் வந்த அன்று அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். படித்துக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, புரியாத இங்கிலீஷை ஒரு முறை தானும் பார்த்தார்.

"டத்தோ சைன் இல்லாமயா?" என்றார்.

இல்லாமல்தான் என்றேன்.

"வேற யாரும் சொல்லி விடலயா? அரசியல்ல இருக்கற ஒய்பி, கிய்பி?"

இல்லப்பா, நம்ம லோரியைப் பற்றித்தான் எழுதினேன் என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாழ்க்கையில் மேலே இருக்கும் ஒருவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் வாங்கியதில்லை, வீடு, பள்ளிக்கூடம், லீவு, எதுவுமே.

"அப்ப, நம்மளப் பாத்தேவா எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, அழ ஆரம்பித்தார்.