தேர் மூலையில் நின்ற பகல்

எங்கள் நூலகத்தின் முதல் கணினிக்குப் பட்டு உறை இருந்தது. அரக்கு நிறம், ஓரத்தில் ஒல்லியான ஜரிகைக் கரை. பகுதி நேரமாக எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த புடவைக்கடைக்காரர் ஒருவர், மிச்சத் துண்டில் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். தூசி படியாமலிருக்கத்தான் கொடுத்தார். ஆனால் அதைப் போர்த்திய பிறகு அந்த இயந்திரத்தின் முன்னால் எல்லோருக்கும் தானாகவே குரல் தாழ்ந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். குளிர்சாதனம் இருந்த ஒரே அறை என்பதால், சித்திரை வெயிலில் ஒரு வேலையும் இல்லாதவர்களும் வந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

பல்கலைக்கழக நூலகத்தின் தகவல் தொழில்நுட்பத் துறை தொடங்கியது அந்த அறையில்தான். இன்று துறைக்கு வாலாஜாபாத் சாலையில் புதிய வளாகத்தில் ஒரு தளம் முழுவதும் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள். அன்றைக்குப் பெரிய காஞ்சிபுரத்தில், தேரோடும் ராஜவீதி ஒன்றில், வாடகைக் கட்டடத்தின் மாடி அறை. கீழே நூலகம், மாடியில் கணினியும் மேடமும். சென்னையில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் செய்தி திருத்திவிட்டு ஊர் திரும்பிய நான், நூலகத்தின் பத்திரிகைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். என் மேசை அவர்கள் அறைக்கு வெளியே, பால்கனியை ஒட்டி இருந்தது.

மேடத்தை ‘சிஸ்டம் மேடம்’ என்று எல்லோரும் அழைத்தோம். வாலாஜாபாத் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்கள். அவர்களுடைய தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை; அப்பா காலத்தில் மிஷன் பள்ளியில் படிப்பு; இவர்கள் கணினியில் பட்டம். பதவி தற்காலிகம். ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள், அல்லது நீட்டிக்க மறந்துவிட்டுப் பிறகு நீட்டிப்பார்கள். மேடம் அதிகம் பேசமாட்டார்கள். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசுவார்கள். அதனால் பலர் அவர்களைக் கர்வி என்று நினைத்தார்கள்.

நூலகத்தின் புத்தகங்களையெல்லாம் கணினியில் ஏற்றியது அவர்களும் இரண்டு பெண்களும்தான். அதற்குமுன் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று அறிய மர இழுப்பறைகளில் இருந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும். ஓர் இழுப்பறையின் அட்டைகள் ஏறி முடிந்ததும் அவற்றைக் கழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டப்போகும் புதிய கட்டடத்தில் அட்டைப் பெட்டிக்கு இடமில்லையாம். சாக்குகளில் கட்டி எடுத்துப் போனார்கள். கடைசி இழுப்பறையும் காலியானபோது மேடம் அதைத் திறந்து உள்ளே கைவைத்துப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஊரில் அந்தப் பட்டியல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: மேசைக்கு அடியில் முனகிக்கொண்டிருந்த சர்வருக்குள்.

பிரதி எடுக்காமல் இல்லை. மாதாமாதம் சி.டி.க்களில் பதிந்து, அட்டெண்டரிடம் கொடுத்து இரும்பு பீரோவில் வைக்கச் சொல்வார்கள். அட்டெண்டர் எங்கள் எல்லோருக்கும் அண்ணன். கறுத்த, அகன்ற உடம்பு. பங்குனித் தேருக்கு மட்டும் விடுப்பு எடுப்பார். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் குடும்பத்தின் பொறுப்பு. அத்தனை பெரிய தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுபவர்களை விட்டால் வேறு வழியில்லை. ஓர் ஆண்டு ஆயுதபூஜை அன்று மேடம் விடுப்பு. அண்ணன் சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், பிரிண்டருக்கு வைத்தார், பீரோவைத் திறந்து சி.டி.க்களுக்கும் வைத்தார். எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்து, முகம் தெரிகிற பளபளப்பான பக்கத்தில் வைத்தார்.

இது தெரியவந்தது அதற்கடுத்த பங்குனியில், தேருக்கு முந்தைய நாள். சர்வரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. யாரோ நகத்தால் கதவைச் சுரண்டுவதுபோல. பழுது பார்க்க வந்தவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஓடிக்கினு இருக்கறவரைக்கும் ஓடும் மேடம். நின்னுச்சின்னா மறுபடி சுத்தாது. ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க” என்றார். மேடம் பீரோவிலிருந்து சி.டி.க்களை எடுத்துவரச் சொன்னார்கள். ஒன்றைப் போட்டார்கள், இன்னொன்றைப் போட்டார்கள். எதையும் கணினி படிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அவற்றின் முகமெல்லாம் வட்டவட்டமாகக் கீறல்.

“போன வாரம் எல்லாத்தையும் புளி போட்டுத் தேச்சேன் மேடம்,” என்றார் அண்ணன். “சந்தனம் காஞ்சி புடிச்சிக்கினு இருந்துச்சி. தேங்கா நாரு வெச்சி வெளக்கு மாதிரி பளிச்சினு ஆக்கி வெச்சேனே!”

“அது வெளக்கு இல்லண்ணா,” என்றார்கள் மேடம்.

நூலகர் மாடியேறி வந்து விவரம் கேட்டார். நல்ல மனிதர், நாக்கு மட்டும் சும்மா இருக்காது. “நல்லவேளைய்யா, சனிக்கிழமைன்னு சர்வருக்கு எண்ணெய் தேச்சி வுடல” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. பட்டியல் போனால் புத்தகங்கள் இருக்கும், எது எங்கே என்று சொல்ல எதுவும் இருக்காது. மேல் அலுவலகத்தில் சிலர் கணினி வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டியலோடு மேடமும் போகவேண்டியிருக்கும். இது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

புதிய டிஸ்க் ஒன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். பழைய டிஸ்க் தான் வைத்திருந்ததைச் சிறிது சிறிதாகத்தான் விட்டுக்கொடுத்தது. சில இடங்களில் தடுக்கி நின்று, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு நகர்ந்தது. பிரதி முடிய மதியத்துக்குமேல் ஆகும் என்று மேடம் கணக்கிட்டார்கள். மதியத்துக்கு முன்பே தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிடும். திரும்பியதும் லைன்மேன்கள் தெருவின் மின்சாரத்தை நிறுத்துவார்கள். தேரின் உச்சி கம்பிகளைத் தொடும் என்பதால் அது ஆண்டாண்டு வழக்கம். யு.பி.எஸ். பேட்டரிகள் உப்பிப் போயிருந்தன. ஜெனரேட்டர் வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசினோம். கூட்டத்துக்காக எல்லாத் தெருவும் அடைத்திருந்ததால் அது பஸ் நிலையத்தைத் தாண்டி வரவில்லை.

காலையில் அண்ணன் வேலைக்கு வராத நாளிலும் மாடியேறி வந்தார். மேலில் சட்டையில்லை, இடுப்பில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். வாசலைத் தாண்டாமல் நின்றார்.

“மூலையில தேரு நிக்கும் மேடம். எவ்ளோ நேரம் நிக்கும்னு அதுக்கும் எனக்கும்தான் தெரியும்.”

மேடம் முதல்முறையாகத் திரையிலிருந்து திரும்பினார்கள். “வேணாம்ணா. எனக்காகப் போய் யாருக்காச்சும் அடிபட்டுறப் போவுது.”

“கட்டைய எடுக்கறப்போதான்மா அடிபடும். போட்டது போட்டபடி கெடந்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாது.” படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பகலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த வரிசையில் நடந்தது என்று என்னால் எழுத முடியும்; எவ்வளவு நேரம் நடந்தது என்று இன்றும் சொல்ல முடியவில்லை. பால்கனியில் நான். உள்ளே மேடம். தெரு மூலையில் கானல் நெளிய, வீட்டுக் கூரைகளுக்குமேல் முதலில் கலசம் தெரிந்தது, பிறகு வண்ணத் துணிகள், பிறகு மரச் சிற்பங்களின் எண்ணெய்க் கறுப்பு. தேர் மெல்ல மூலைக்கு வந்து, பாதி எங்கள் தெருவைப் பார்த்தபடி, நின்றது. ஒரு கோயில் வீதிக்கு வந்து, வந்த காரணத்தை யோசிப்பதுபோல நின்றது. துணிக் குழல்களான தொம்பைகள் காற்றில்லாமல் தொங்கின. மேளம் அடித்தது, ஓய்ந்தது, மீண்டும் அடித்தது. உள்ளே திரையில் ஒரு நீலக் கோடு, வளர்வது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் போய்விடக் கூடாதென்று குளிர்சாதனத்தை அணைத்துவிட்டிருந்தோம். மின்விசிறியின் நிழல் மேடத்தின் தோளில் விழுந்து விழுந்து எழுந்தது. அறைக்குள் ஒன்று நிற்காமல் சுழல வேண்டும், தெருவில் ஒன்று சுழலாமல் நிற்க வேண்டும்; நடுவில் நான் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே கூட்டம் பொறுமையிழந்தது. “இன்னாபா, கட்டை சிக்கிக்கிச்சா?” என்று ஒருவர். “காலையில துன்னவே இல்லியா நீங்கல்லாம்? இஸ்து வுடுங்கபா!” என்று இன்னொருவர். “வெயிலு மண்டையப் பொளக்குது. சாமி எறங்கி நடந்தாகூட இந்நேரம் வூடு போய்ச் சேந்திருக்கும்!” என்றது ஒரு பெண்குரல், சுற்றிலும் சிரிப்பு. மோர்ப் பந்தல்காரர்களுக்கு மட்டும் அவசரமில்லை. சக்கரத்தருகே அண்ணன் குனிந்தார், நிமிர்ந்தார், கட்டையைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், மீண்டும் குனிந்தார். அவர் முகம் அவ்வப்போது எங்கள் பால்கனிப் பக்கம் உயர்ந்தது.

“எங்க வந்திருக்குது சார்?” என்று மேடம் உள்ளேயிருந்து கேட்டார்கள்.

“மூலையிலதான் மேடம். நவுரல.”

மேடம் திரையைப் பார்த்தபடியே சொன்னார்கள்: “எங்க ஊர்லயும் தேரு உண்டு சார். எங்க தெருவுக்குள்ள வராது. மோளச் சத்தம் மட்டும் வரும். அது கிட்ட வந்து தூரப் போறத வெச்சி, இப்போ எந்தத் தெருன்னு நாங்க சொல்லுவோம்.” குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. இன்னொரு தகவலைச் சொல்வதுபோல இருந்தது. நான் மூலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி பின்னால் நகரும் ஓசை கேட்டது.

மேடம் பால்கனிக்கு வந்தார்கள். கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத குரலில் கத்தினார்கள்: “ஆச்சுண்ணா! வுடுங்க!”

மேளத்தில் அது அண்ணனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் பார்த்தார். ஒரே இழுப்பில் கட்டை வெளியே வந்தது. வடம் விறைத்தது, கூட்டம் ஒரு குரலாக எழும்பியது, தேர் மூலையைத் திரும்பியது. எங்களுக்குப் பின்னால் மின்விசிறி வேகம் குறைந்து நின்றது; சுரண்டல் சத்தமும் நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. தேர் கடந்தபோது உற்சவரின் முகம் எங்கள் பால்கனிக்கு நேர் உயரத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில் போனது. நான் கும்பிட்டேன். மேடம் கும்பிடவில்லை, அதற்குள் கழற்றி எடுத்துவந்திருந்த புதிய டிஸ்க்கை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்தபடி, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலையில் மின்சாரம் வந்ததும் பழைய சர்வரைப் போட்டுப் பார்த்தோம். சுற்றவில்லை.

பிறகு நடந்தவை எல்லாத் துறைகளின் வரலாற்றிலும் உள்ளவைதான். புதிய வளாகம் வந்தது. இரண்டு சர்வர், மூன்று சர்வர், அவற்றுக்கென்று தனி ஜெனரேட்டர். மேடத்தின் பதவி நிரந்தரமானது. துறைக்குத் தலைவராகவே ஓய்வு பெற்றார்கள். இப்போது எங்கள் பட்டியல் இருக்கும் இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது என்று அங்குள்ள இளைஞரிடம் கேட்டேன். “கிளவுட்ல இருக்குது சார். எந்த ஊருன்னு எனக்கே தெரியாது” என்றார். அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

இந்தப் பங்குனியில் மேடம் போன் செய்து, “தேருக்குப் போலாமா சார்?” என்றார்கள். அத்தனை ஆண்டுகளும் தேர்நாளில் சர்வரோடு அலுவலகத்திலேயே இருந்தவர்கள். தெருவில் நின்று பார்த்ததில்லையாம். அதே மூலைக்குப் போனோம். எங்கள் பழைய மாடி இப்போது பட்டுக்கடையின் கிடங்கு. அண்ணனும் ஓய்வு பெற்றுவிட்டார், நூலகத்திலிருந்து மட்டும். சக்கரத்தருகே நரைத்த மார்போடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கட்டையைத் தோளில் தூக்கிக் காட்டினார். தேர் திரும்பத் தயாரானது. கடைகளின் விளக்குகள் வரிசையாக அணைந்தன.

மேடம் கைபேசியை எடுத்து நூலகப் பட்டியலைத் திறந்து ஏதோ ஒரு தலைப்பைத் தட்டினார்கள். மின்சாரமில்லாத தெருவில், அலமாரி எண்ணோடு பதில் வந்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சக்கரம்வரை போய் அதை அண்ணனின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்கள்.

“பாருங்கண்ணா. கரண்டு இல்ல. ஆனாலும் வருது.”

அண்ணன் வெயிலுக்குக் கைமறைத்து, திரையை நன்றாகப் பார்த்தார். “அப்போ இந்தத் தபா நான் நிறுத்தத் தேவல?”

“தேவலண்ணா. அது பாட்டுக்குப் போவட்டும்.”

“அப்போ நவுந்து நில்லும்மா,” என்றார் அண்ணன். “சக்கரம் வருது.”