சால்விங் வாங்கிய பிராசசர்

இலோயிலோ நகரத்து ஹாரோ பகுதியில் யார் இறந்தாலும், பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பிய கையோடு சால்விங்குக்கும் ஆள் போகும். அடக்கத்துக்கு முந்தின நாள், இரவு விழித்திருக்க ஆடும் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டுத் துக்க வீடே கூடிப் பார்க்கிற படத்தைச் செய்து கொடுப்பவள் அவள்தான். ஊருக்கே அவள் 'மனாங்', அதாவது அக்கா. ஒரு மனிதரின் முழு வாழ்க்கை, அவருக்குப் பிடித்த பாட்டோடு, கால் மணி நேரத்தில் ஓடி முடியும்.

வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அவள் வேலை செய்வாள். "எது நெசச் சிரிப்பு, எது போட்டோவுக்குச் சிரிச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்" என்பாள்.

வயதாகி இறந்தவர்கள் அவளிடம் பிஸ்கட் டப்பாவுக்குள் புகைப்படமாக வருவார்கள். அதற்கு அவளுடைய பழைய கம்ப்யூட்டரே தாராளம். இளசுகள் செல்போனுக்குள் வீடியோவாக வர ஆரம்பித்த பிறகுதான் அது திணறியது.

படகு கவிழ்ந்து இறந்த ஹோமெலின் அம்மா கெம்மா வந்து உட்கார்ந்த அன்று, அவன் திருவிழாவில் ஆடிய வீடியோவைச் சால்விங் ஓட்டினாள். பாதி ஆட்டத்தில் படம் உறைந்தது. வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி ஹோமெல் அப்படியே நின்றான்.

கெம்மாவின் கை திரையைத் தொட்டது. "இப்படித்தான் மனாங்... கரையில இப்படித்தான் கெடந்தான்."

சால்விங் சட்டென்று திரையை அணைத்தாள். அன்றைய படத்தைப் புகைப்படங்களை மட்டும் வைத்தே முடித்துக் கொடுத்தாள். கெம்மா நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடக்கம் முடிந்ததும் சால்விங் ரெக்செலின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். ரெக்செல் வியாபாரிதான், ஆனாலும் நியாயமானவன். அவளுக்கு அவன் 'தோத்தோ', தம்பி மாதிரி.

"உங்க வேலைக்குப் போன வருஷத்து பிராசசரே போதும் மனாங். புதுசு ஒன்றரை மடங்கு விலை. அதெல்லாம் கேம் ஆடுற பயலுக கேக்குறது. நீங்க என்ன, துப்பாக்கியத் தூக்கிட்டு ஆளுங்களச் சுடப் போறீங்களா?"

"எனக்கு எதுக்கு தோத்தோ அந்த வேலை? செத்தவங்கதான் தானா வந்து சேர்றாங்களே."

புதுசுக்கும் போன வருஷத்துப் பழசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் பட்டைகளைத் திரையில் விரித்தான். புதுசின் பட்டை நெடுநெடுவென்று நீண்டிருந்தது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதுல என் வேலை எங்க இருக்கு?"

அவன் பட்டைகளை மேலும் கீழும் நகர்த்தித் தேடினான். அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினாள். "ரெண்டுலயும் இதப் போட்டுக் காட்டு."

புகைப்படங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி ஓடின. "இதுக்குன்னா ஒரு பெசோ கூடக் கூடுதலா தர மாட்டேன்" என்றாள். முடிந்த படத்தைச் சேமிப்பதில் புதுசு கொஞ்சம் முந்தியது. "அந்த நேரத்துல நான் ஒரு குளியல் போட்டுட்டு வந்துருவேன். இதுவும் வேண்டாம்."

பிறகு செல்போன் வீடியோ. பழசில் அது அங்கங்கே திக்கி நின்றது. புதுசில் தண்ணீர் மாதிரி ஓடியது.

"வேலை பாக்கும்போதுதான் இந்தத் தடங்கல்" என்றான் ரெக்செல். "படத்த முடிச்சிட்டா பாக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. இல்லன்னா வீடியோவ முதல்ல சின்ன அளவுக்கு மாத்திக்குங்க, பழசுலயே ஓடும்."

"மொகம் மங்காதா?"

"வேலை முடியிற வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும்."

"வேலை முடியிற வரைக்குந்தான் தோத்தோ அம்மாக்காரி பக்கத்துல உக்காந்திருப்பா."

ரெக்செல் புதுசையே எடுத்து, அதற்கேற்ற மதர்போர்டோடு மாட்டிக் கொடுத்தான்.

வீட்டில்தான் சண்டை. அந்தப் பணம் கூரைத் தகரத்துக்கு வைத்திருந்தது. "மழைக்காலம் வாசல்ல நிக்குது, நீ பொட்டிக்கு மூளை மாத்திட்டு வந்து நிக்கிறியா?" என்று அவள் புருஷன் பெலிக்ஸ் கத்தினான்.

"ஒழுகினா வாளி வெக்கலாம். அந்தப் பொம்பள மொகத்த நீ பாக்கல பெலிக்ஸ்." மழை வந்தது, கூரை ஒழுகியது, பெலிக்ஸ் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

அந்த மழையில்தான் சிம்ப்ளிசியோ வந்தார். நர்ஸ் வேலை பார்த்த மகள் காய்ச்சலில் போய்விட்டாள். கொண்டுவந்த போன் முழுக்க அவள் பாடிய பாட்டுகள். சால்விங் ஒன்றை ஓட்டினாள். மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உச்சக் குரலில் பாடினாள். படம் எங்கும் நிற்கவில்லை.

"கொஞ்சம் பின்னால போங்க மனாங்." போனாள். "இன்னொரு தடவ." பிறகு அவரே மௌஸை வாங்கிக்கொண்டார். முன்னும் பின்னும் நகர்த்தினார். மகள் அவர் கைக்கு இசைந்து வந்தாள், போனாள். திடீரென்று சிரித்தார்.

"இந்த எடத்துலதான் எப்பவும் சுருதிய விட்டுருவா. கேளுங்க, கேளுங்க!"

மறுநாள் காலைக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். சால்விங் அதைச் சொல்லவில்லை. தன் நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு, காபி போட அடுக்களைக்குப் போனாள்.