டெர்மட்டின் மூன்றாவது இசைத்தட்டு

போன சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவில், எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், ஒரு சீடி வெளியீடு. வாசித்தவர் டெர்மட், அயர்லாந்துக்காரர். இது அவருடைய மூன்றாவது இசைத்தட்டு. முதல் இரண்டும் இளமையில் வந்தவை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்... ஒரு ஸ்ட்ரோக்.

அவர் வாசிப்பது அயர்லாந்து பைப். பேக்பைப் என்றதும் பாவாடை கட்டிய ஸ்கொட்லாந்துக்காரர் கன்னம் உப்ப ஊதுவதுதானே நினைவுக்கு வரும்? இது வேறு. வாய்க்கு வேலையே இல்லை. உட்கார்ந்தபடி வலது முழங்கையால் ஒரு துருத்தியை அமுக்க வேண்டும். காற்று இடது கக்கத்தில் இருக்கும் பைக்குப் போகும். அந்தப் பையையும் அழுத்திக்கொண்டே, மடியில் நிற்கும் குழலில் இரு கை விரல்களும் ஓட வேண்டும். எனக்கு டைப் அடிக்கவே இரண்டு விரல்தான்!

பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்தவர் டெர்மட். பகலில் கட்டட வேலை, மாலையில் பப்பில் வாசிப்பு. பைப் பிரியர்கள் அந்த இரண்டு இசைத்தட்டுகளையும் தேடித் தேடி வாங்குவார்கள்.

ஸ்ட்ரோக் இடது பக்கத்தை இழுத்துவிட்டது. நடை மெல்லத் திரும்பியது. கை திரும்பவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும்போது, பங்கிலுள்ள ஒருவர் அவருக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னார்: "எப்படிப்பட்ட கலைஞராக இருந்தார் தெரியுமா! நல்ல காலம், அந்த ரெக்கோர்டிங்காவது மிஞ்சியிருக்கிறது."

டெர்மட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானும் மிஞ்சியிருக்கிறேன்" என்றார்.

உயிரோடு இருப்பவரையே 'இருந்தார்' என்கிறோமே, இதற்குத்தான் இறந்தகாலம் என்று பெயர் வைத்திருக்கிறோமோ? டாக்டர் முடியாது என்றால் பயம் வரும். பக்கத்திலிருப்பவர் பரிதாபப்பட்டால்தான் ரோஷம் வரும்!

டெர்மட் அங்கிருந்து நேரே ஜெயம் அண்ணையிடம் போய், இன்னொரு இசைத்தட்டு பண்ண வேண்டும் என்றார். ஜெயம் அண்ணை மன்னார்க்காரர். விமான நிலையத்தில் வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் தன் வீட்டுக் கராஜில் எங்கள் பாடகர் குழுவை ரெக்கோர்ட் பண்ணுவார்.

"முதலில் கை சரிவரட்டும், டெர்மட்."

"சரிவராது. இந்தக் கையோடுதான் வாசிக்கப் போகிறேன்."

பலம் வேண்டுமே? சுடுநீர்ப் பையில் தண்ணீர் நிரப்பி, இடது கக்கத்தில் வைத்து அமுக்கிப் பழகினார். வீட்டில், பூங்காவில், பஸ்ஸில்கூட! ஒருநாள் பஸ்ஸில் மூடி கழன்று, பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியெல்லாம் தண்ணீர். மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வந்து, மறுபடி நிரப்பினாராம். இதைச் சொல்லிச் சிரித்த அவர் மனைவி நோரா, சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார்.

கைக்குப் பலம் வந்தது. மோதிர விரல் மட்டும் எழும்பவில்லை. அந்த விரல் தர வேண்டிய சுரமும் வரவில்லை.

ஒரு நாள் ரெக்கோர்டிங்குக்கு நோராவுடன் நானும் போயிருந்தேன். முதல் இசைத்தட்டில் இருந்த ஒரு பழைய மெட்டு. அந்தச் சுரத்தில் தடக்கியது. நிறுத்தினார். மறுபடி... தலைக்கு மேலே விமான இரைச்சல். மறுபடி... அதே இடத்தில் தடக்கல். சட்டை வியர்வையில் ஒட்டிவிட்டது. பார்க்க முடியாமல் நான் குனிந்துகொண்டேன்.

ஜெயம் அண்ணை என் காதோடு சொன்னார்: "பழைய தட்டிலயிருந்து அந்தத் துண்டை வெட்டி ஒட்டித் தாறன் எண்டன் பிள்ளை. ஏலாதாம். மனுசன் விடுறாரில்லை."

நோரா கோட்டை எடுத்து நீட்டினார். "போகலாமா, டெர்மட்?"

"இல்லை."

கொஞ்ச நேரம் காற்றே விடாமல் விரல்களை மட்டும் குழலின்மேல் அசைத்துப் பார்த்தார். பிறகு தொடங்கினார். அந்த இடம் வந்தது. வராத சுரத்தைத் தொடவே இல்லை. கீழே சறுக்கி, சட்டென்று மேலே ஒரு துள்ளல்... மெட்டு நிற்காமல் ஓடியது!

முடிந்ததும் ஜெயம் அண்ணை ஹெட்போனைக் கழற்றினார். "கேட்டனீங்களே பிள்ளை? பழைய தட்டில இந்த வளைவு இல்லை!"

டெர்மட் பையை இறுக அணைத்தபடி அடுத்த மெட்டைத் தொடங்கினார். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்ததுதான் இந்த சீடி.

வெளியீட்டில் அந்த மெட்டை எங்கள் முன்னால் வாசித்தார். கைதட்டல் அடங்கியதும் ஒரு பெண் எழுந்தார். அவரும் பைப் வாசிப்பவர். "அந்த வளைவை நானும், முன்கூட்டியே கிடைத்த சீடியைக் கேட்டுக் கேட்டு முயல்கிறேன். வரவே மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன பயிற்சி?"

டெர்மட் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"பயிற்சியெல்லாம் பிறகு. முதலில் உங்களுக்கு ஒரு ஸ்ட்ரோக் வர வேண்டும்!"