படத்துக்கு வெளியே ஒரு ஜன்னல்

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் எங்கள் ஸ்டூடியோ. பெயர்ப் பலகையில் இருப்பது என் கூடப்பிறந்த மூத்தவர் ஸெய்னுலாப்தீன் நானாவின் பெயர். அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார். பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டது மஸூதாவாகிய நான். பகல் சோற்றையும் அங்கேயே தனியாகத் தின்றுவிட்டுக் கையைக் கழுவுவேன்.

அழகுமுத்து முதன்முதலாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை, ஐம்பத்திரண்டு வயது. கராம்புக் காலத்தில் ஏணி வைத்து மரம் ஏறுகிற ஆள். பேங்க் ஃபாரம் ஒன்றுக்குச் சின்னப் படம் வேண்டுமாம். எடுத்தேன், கம்ப்யூட்டரில் போட்டு அளவுக்கு வெட்டினேன். உச்சந்தலை மேல் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. திரையில் வெட்டுகிற சட்டத்தின் மூலையைப் பிடித்து மறுபடி வெளியே இழுத்தேன். போன தலைமுடி வந்தது, தோள் வந்தது, பின்னால் நீலத் திரையும் வந்தது.

"அட சாமி! வெட்டுனது எங்கயிருந்து வந்துச்சு தங்கச்சி?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைபேசியிலேயே வெட்டி ஒட்டிவிட்டு, "இத பெரிசாக்கித் தாங்க மிஸ்" என்று வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போயிருந்த நேரம் அது. கொட்டித் தீர்த்தேன்.

"இது வெட்டுறதில்ல அண்ணன், மறைச்சு வைக்கிறது. இந்தா, மேல ஒரு சின்னக் கட்டம் இருக்கு பாருங்க. அதுல சரி போட்டாத்தான் வெட்டினது அழியும். நான் ஒருநாளும் போட மாட்டேன். எப்ப வேணுமெண்டாலும் இழுத்தா வரும். ஃபோன்ல வெட்டுறது அப்பிடி இல்ல. வெட்டி ஆருக்கும் அனுப்பினா, போய்ச் சேருறது மிச்சம் மட்டும்தான்."

நான் சொன்னதில் முதல் பாதி மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு காலையில் வந்து, கைபேசியை என் மேசையில் வைத்தார்.

"இத கொஞ்சம் இழுத்து விடுங்க தங்கச்சி."

ஒரு பெண்ணின் முகம். நெற்றியில் சின்னப் பொட்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. காதுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நாடிக்குக் கீழே ஒரு விரலளவு கழுத்து. அவருடைய மனைவி சிவநந்தினி. ஆறு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு படம் அனுப்புவாளாம். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் அதே மாதிரி, முகம், முகம், முகம். ஒன்றிலாவது ஒரு சுவர் தெரிய வேண்டுமே! வீடியோவில் பேசுவதற்கு அந்த வீட்டு மேடம் விடுவதில்லை.

"எதுக்கு இழுக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். தோட்டத்து லயத்து வீட்டில் அவர் தனியாள். ஒரே மகன் தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்குகிறான், தீபாவளிக்குத்தான் வருவான். நந்தினியின் ஒப்பந்தம் ஆடி மாதம் முடிகிறது. மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறாள். வரவா, இருக்கவா என்று நந்தினி இவரிடம் கேட்டிருக்கிறாள்.

"அவகிட்ட கேட்டா சொகமாத்தான் இருக்கேங்கிறா. எப்பக் கேட்டாலும் அதே பேச்சுதான். அவ எங்க படுக்குறான்னு ஒரு தடவ பாத்துட்டா போதும் தங்கச்சி. நல்ல எடமா இருந்தா இருன்னு சொல்லுவேன். இல்லாட்டி கட்டுற புது வீட்டுக்குக் கூரையும் வேணாம், சொவரும் வேணாம், நீ வாடின்னு சொல்லிருவேன்."

"அண்ணன், இது அவங்கட ஃபோன்ல வெட்டினது. வெட்டின துண்டு ஒங்களுக்கு வரவே இல்ல. இல்லாதத எப்பிடி இழுக்குற?"

"பெரிய மெஷின்ல ஏலும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்கு ஞாயிறு வந்தார். நான்கு ஞாயிறும் நான் தொண்டை வறள விளக்கினேன். அவரோ, எனக்கு மனமில்லாமல்தான் செய்யாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒருநாள் மிளகு கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றாலும் வைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், அவர் படி ஏறுகிற சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

ஐந்தாம் ஞாயிறு கடை நிறைய ஆட்கள். பிள்ளைகளின் அடையாள அட்டைப் படத்துக்கு வரிசை. அழகுமுத்து ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார், கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. "கொண்டாங்க" என்று கைபேசியை வாங்கிப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

போட்டோஷாப்பின் புது வெர்ஷனில் ஒரு வேலை இருக்கிறது. வெட்டுகிற அதே சட்டத்தைப் படத்தைவிடப் பெரிதாக இழுத்துவிட்டு ஒரு பட்டனை அமத்தினால், வெறுமையாக இருக்கிற இடத்தை மெஷின் தானே வரைந்து நிரப்பும். கல்யாணப் படத்தில் மண்டபத்துச் சுவர் போதாமல் போனால் நான் பாவிப்பது அதைத்தான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இழுத்துவிட்டு அமத்தினேன்.

மெஷின் மூன்று படம் தந்தது. ஒன்றில் பின்னால் அடுப்போடு ஒரு குசினி. ஒன்றில் வெறும் சாம்பல் சுவர். மூன்றாவதில் ஒரு கட்டில், பூப்போட்ட விரிப்பு, பக்கத்தில் வெள்ளைத் திரை போட்ட ஒரு ஜன்னல், அதில் நல்ல வெயில். நான் மூன்றாவதை எடுத்தேன். பாவி, நான்தான் எடுத்தேன். மெஷின் மேல் பழி போட முடியாது.

இது மெஷின் செய்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்து திரையில் முகம் முட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

"ஜன்னல் இருக்கா!" என்றார். "கட்டிலும் இருக்கு. காத்து வரும், இல்லையா?"

கண்ணீர் மீசை வரைக்கும் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அவர் போக வேண்டும், அவ்வளவுதான். பெரிதாக ஒரு பிரதி அடித்துக் கொடுத்தேன், கைபேசிக்கும் அனுப்பினேன். அன்று பகல் சோற்றைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன்.

மூன்று வாரம் அவர் வரவில்லை. நானே கூப்பிட்டுச் சொல்லலாமா என்று எத்தனை தடவை நம்பரை எடுத்தேன்! ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்று வைத்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்றால் நான்தான்.

ஒரு புதன்கிழமை ஸ்டூடியோ வாட்ஸ்அப்புக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மெதுவான குரல், பின்னால் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம்.

"மிஸ், நான் அழகுமுத்து சம்சாரம் நந்தினி பேசுறேன். அவர் அனுப்புன படத்துல ஒங்க கடை நம்பர் இருந்துச்சு. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல மிஸ். நான் படுக்குறது துணி கழுவுற மெஷின் வச்சிருக்கிற ரூம்ல. ஜன்னல் எல்லாம் கெடயாது. அவர் பாத்துறக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு படத்தையும் முகம் மட்டும் வச்சு வெட்டி அனுப்புவேன். ஆனா வரவான்னு கேட்டப்ப, வான்னு சொல்லுவாருன்னு இருந்தேன். நல்ல எடமா இருக்கு, இருன்னு சொல்லிட்டாரு. போன வாரம் கையெழுத்துப் போட்டுட்டேன்."

குரல் இன்னும் தணிந்தது.

"அவர்கிட்ட சொல்லிறாதீங்க மிஸ். தெரிஞ்சா ரெண்டு வருசமும் தூங்க மாட்டாரு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஜன்னலுக்கு வெளிய என்னா தெரியுதுன்னு தெனமும் கேக்குறாரு. நான் என்னா சொல்லட்டும்?"

யா அல்லாஹ், நான் அந்தக் கதிரையிலேயே சுருண்டு போனேன். அந்த ஃபைலைத் திறந்தேன். சட்டத்தை ஜன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்தால் வெளியே இருப்பதையும் மெஷின் வரைந்து தரும். கை போனது. அமத்தவில்லை. தலையைத் திருப்பினேன். எங்கள் பின் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வளவின் ஜம்பு மரம் சிவக்கச் சிவக்கக் காய்த்து நின்றது.

"ஒரு ஜம்பு மரம் தெரியுதுண்டு சொல்லுங்க" என்று பேசி அனுப்பிவிட்டு, என்னை மன்னித்துக்கொள்ளும்படியும் கேட்டேன்.

அந்த ஞாயிறு அழகுமுத்து வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டி, தலையை வழித்துச் சீவி, முதல் தடவை வந்தது போல. கையில் அந்தப் பெரிய படம்.

"தங்கச்சி, ஜன்னலுக்கு வெளிய ஜம்பு மரமாம்" என்றார். "பழமும் இருக்காம்."

"நல்லதுதானே அண்ணன்" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"அங்க மழ இல்ல. மண்ணும் இல்ல, மணலுதான்னு நந்தினி போன புதுசுலயே சொல்லியிருக்கா. ஜம்புக்குத் தண்ணி நிக்கணும் தங்கச்சி. நான் மரத்தோட கெடக்குற ஆளு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தலைக்கு மேலாகப் பின் ஜன்னலைப் பார்த்தார். ஜம்பு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவர் படத்தை மேசையில் வைத்தார்.

"இத பழையபடி சின்னதாக்கித் தாங்க. முகம் மட்டும் போதும்."

ஃபைலைத் திறந்து சட்டத்தை உள்ளே தள்ளினேன். ஜன்னல் போனது, கட்டில் போனது, பூ விரிப்பு போனது. காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லாமல், கண்ணுக்குக் கீழே கறுப்போடு நந்தினி மட்டும் இருந்தாள். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக மேலே இருந்த சின்னக் கட்டத்தில் சரி போட்டு, சேமித்து வைத்தேன். இனி எந்த மூலையைப் பிடித்து இழுத்தாலும் அந்த ஜன்னல் வராது.

சின்னப் பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி வரைக்கும் போனவர் திரும்பினார்.

"வரவான்னு கேட்டா தங்கச்சி. நான்தான் இருன்னு சொன்னேன்."

"அண்ணன், நான்..."

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்க. ஜம்பு மரம்னே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அங்க அவளால படுக்க முடியாது."