இரண்டு பிரேக் உள்ள கார்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப்பேர் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப்பேர் திட்டுக்குப் பயந்து வேறு எங்கோ போய்க் கற்றுக்கொண்டவர்கள். பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இருபத்தாறு வருஷம், மழையானாலும் வெயிலானாலும், காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன வெள்ளைக் காரின் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தால் மதியம் வரை இறங்கமாட்டார். அந்தக் காரில் டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவள் எதை மிதிப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கும்போது டீச்சரின் வலது கால் அதை மிதித்துவிடும். அந்தக் காலால் உயிர் தப்பிய நாய்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கணக்கே கிடையாது.

டீச்சர் யாரையும் பாராட்டியதில்லை. 'பரவாயில்லை' என்ற சொல்கூட அவர் வாயிலிருந்து வராது. ஆனால் ஒருத்திக்கு வண்டி பிடிபட்டுவிட்டது என்று தோன்றினால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டுக்கு மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார். இனிமேல் என் பிரேக் உனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அதுதான் சர்டிபிகேட். லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி என்ன சொன்னார் என்று எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். "டீச்சர் காலை மடக்கிட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அப்படி ஒரு நாளும் மடக்காதது ஒரே ஒருத்திக்கு. அவள்தான் தையல்.

தையல் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவள் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது வருஷம் மெஷின் மிதித்த கால். அந்தக் காலைக் கொண்டுபோய் பிரேக்கின் மேல் வைத்தால் அது என்ன செய்யும்? மெஷினை மிதிக்கிற மாதிரியே டக் டக் டக்கென்று விட்டு விட்டு மிதிக்கும். கார் குலுங்கும், பின்சீட்டில் இருப்பவர் தலை ஆடும், டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். "ஏன்டி, ஜாக்கெட்டா தைக்கிறே? ஒரே மிதியா மிதி!" என்று பதினெட்டு வருஷமாகக் கத்தியாகிவிட்டது. நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தொல்லை விட்டால் போதும் என்றுதான் அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்பது டீச்சரின் கட்சி. திட்டித் திட்டியே இருவரும் சிநேகிதிகளானார்கள். தினமும் சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போவார்கள். கூடவே ஓய்வுபெற்ற நர்ஸம்மா, போஸ்ட் ஆபீசில் இருந்த அக்கா. மொத்தம் நான்கு பேர்.

டீச்சருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். ஸ்கூலை மூடினார். காரைச் சொந்த உபயோகத்துக்கென்று மகன் எழுதி மாற்றினான். அன்றிலிருந்து தையல் ஓட்டுவாள், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து இடதுபக்க பிரேக்கில் காலை வைத்தபடி திட்டுவார். மருந்துக்கடையோ கல்யாண வீடோ, எங்கே போனாலும் இதே ஏற்பாடு. "நல்லவேளை டீச்சர், நீங்க பிடிச்சீங்க" என்று தையல் சொல்லுவாள். "நான் இல்லேன்னா உன் கதி என்னடி" என்பார் டீச்சர்.

ஆனால் டீச்சருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அந்த வலது காலில் உணர்ச்சி இல்லை. சர்க்கரை வியாதி செய்த வேலை. முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு பாதம் முழுக்க. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், இவர் பாட்டுக்கு நாலு எட்டு போயிருப்பார். "கால் மரமரன்னு இருக்கா?" என்று நர்ஸம்மா மாதாமாதம் கேட்பார். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று டீச்சர் கூசாமல் பொய் சொல்வார். வேறென்ன சொல்வார் பாவம்? கண் போயிற்று, ஸ்கூல் போயிற்று. கால்தான் மிச்சம்.

இப்படி இருக்கையில் போஸ்ட் ஆபீஸ் அக்கா கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் போன வருஷமே மகன் வீட்டோடு போய்விட்டார். மலை ஏறி மறுபக்கம் இறங்கினால் அவர் இருக்கும் ஊர், பன்னிரண்டு மணி நேர வழி. ரயில் கிடையாது. பஸ் ஏறினால் நர்ஸம்மாவுக்குக் குடலே வெளியே வந்துவிடும். அக்கா போனில் அழாத குறையாகச் சொன்னார்: "படுத்தே கெடக்கேன்டி. ஒரு தடவை மூணு பேரும் வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போங்க."

"கார்லயே போயிரலாம்" என்றாள் தையல். அடுத்த வார்த்தையும் அவளே சொன்னாள்: "ஆனா டீச்சர் பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா நான் சாவியைத் தொடமாட்டேன்."

டீச்சர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். உண்மையைச் சொன்னால் பயணம் நின்றுவிடும், படுக்கையில் கிடப்பவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் மலைப்பாதையில் மூன்று உயிர்களும் ஒரு மரக்கட்டைக் காலை நம்பிப் போகவேண்டும். கிளம்புகிற அன்று காலையில் குளியலறையில் உட்கார்ந்து உள்ளங்காலை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "கண்ணால பார்த்துப் பார்த்து மிதிச்சாப் போச்சு" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

விடிந்தும் விடியாமல் புறப்பட்டார்கள். நர்ஸம்மா பின்சீட்டில் ஃபிளாஸ்க், பிஸ்கட், மாத்திரை டப்பா, மூன்று தலையணை சகிதம் ஏறினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர், பாக்கித் தூக்கத்தை இன்னும் தூங்கித் தீர்க்கவில்லை.

சமவெளியில் பிரச்சினை இல்லை. தையல் பழைய கதைகளை அவிழ்த்துவிட்டாள். கல்யாண ரவிக்கைக்குக் கை வைக்க மறந்து கொடுத்துவிட்ட கதையை நூறாவது முறையாகச் சொன்னாள். வழக்கமாகச் சிரிக்கிற இடத்தில் டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து காலைப் பார்ப்பார், நிமிர்ந்து சாலையைப் பார்ப்பார், மறுபடி குனிவார்.

"என்ன டீச்சர், கீழ ஏதாவது விழுந்துருச்சா?"

"ஒண்ணுமில்ல. நீ ரோட்டைப் பாரு."

"இன்னைக்கு நீங்க திட்டவே இல்லையே. உடம்புக்கு முடியலையா?"

"திட்டலேன்னா உனக்குத் தூக்கம் வராதே. கியரை மாத்துடி, வண்டி முக்குது பாரு."

தையலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மதியம் மலையடிவாரத்தில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு ஏறினார்கள். உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை, சாலையை நனைத்து வழவழப்பாக்குகிற பிசுபிசு மழை. அதுதான் மோசமானது என்று டீச்சருக்குத் தெரியும். இறக்கம் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். டீச்சருக்குச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. இறக்கத்தின் நடுவில் சொன்னால் இவள் ஸ்டியரிங்கையே விட்டுவிடுவாளே என்று விழுங்கிக்கொண்டார்.

ஏழாவது வளைவிலோ எட்டாவது வளைவிலோ, திரும்பியதும் எதிரே ஒரு லாரி. நின்றுகொண்டிருந்த லாரி. சாலையைப் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டு நிற்க, டிரைவர் தரையில் குந்தி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் "பிடி!" என்று அலறி, உடம்பின் பலம் முழுவதையும் வலது காலில் போட்டு மிதித்தார். கார் டக் டக் டக்கென்று குலுங்கியது. குலுங்கிக் குலுங்கி, ஒரு இம்மிகூட வழுக்காமல், லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. லாரி டிரைவர் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தையல் மூச்சு விட்டாள். "நல்லவேளை டீச்சர், நீங்க பிடிச்சீங்க."

டீச்சர் குனிந்து பார்த்தார். செருப்பு கவிழ்ந்து கிடந்தது. கால் பிரேக்கின் மேல் இல்லை. ஒரு சாண் தள்ளி, காரின் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. 'ஆமாடி, நான்தான் பிடிச்சேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். யாருக்கும் தெரியாது. இன்னும் பத்து இருபது வளைவுகள் பாக்கி இருந்தன.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றார்.

லாரியைத் தாண்டி அகலமான இடத்தில் தையல் நிறுத்தினாள். பின்சீட்டில் குறட்டை நின்றிருந்தது.

"நான் பிடிக்கலடி" என்றார் டீச்சர். "என் கால் பிரேக்ல இல்ல. இந்தக் கால்ல சொரணையே இல்ல. பத்து மாசமாச்சு. உங்க ரெண்டு பேர் உயிரையும் வச்சு விளையாடிட்டேன். என்னை மன்னிச்சிரு தாயே. இங்கயே நிறுத்திருவோம், யாராவது டிரைவர் கிடைச்சா அவர் ஓட்டட்டும்."

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது. பிறகு தையல், கடையில் துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் வாடிக்கையாளரிடம் எப்படி ஆரம்பிப்பாளோ அப்படி ஆரம்பித்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த பிரேக் செத்துப்போயி ஒரு வருஷமாச்சு."

"எந்த பிரேக்?"

"உங்க பிரேக். வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாத்தினப்போ ரெண்டாவது பிரேக் இருக்கக் கூடாதுன்னு மெக்கானிக் கம்பியைக் கழட்டிட்டாரு. மிதிக்கிற கட்டையை மட்டும் ஸ்பிரிங் போட்டு அப்படியே விட்டாரு. அம்மா மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்க ஆன்ட்டின்னு உங்க பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டான்."

டீச்சருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியதும் வந்த கோபம் இருக்கிறதே, மலையே கிடுகிடுத்தது. "ஒரு வருஷமா என்னைச் செத்த பிரேக்கை மிதிக்க விட்டியாடி பாவி! மார்க்கெட்ல அந்த ஆட்டோ குறுக்க வந்தப்போ?"

"நான்தான் டீச்சர்."

"கல்யாண மண்டபத்து வாசல்ல அந்தக் குழந்தை?"

"அதுவும் நான்தான்."

"அப்புறம் எதுக்குடி மூச்சுக்கு முந்நூறு தடவை 'நீங்க பிடிச்சீங்க, நீங்க பிடிச்சீங்க'ன்னே?"

"முதல்ல ரெண்டு வாரம் உங்க முழங்கால் அசையுதான்னு ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே மிதிப்பேன். அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன்." தையல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பிரேக் இல்லேன்னு தெரிஞ்சா நீங்க இறங்கிப் போயிருவீங்க. நான் யாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டுவேன்? எனக்கு பிரேக்கா வேணும்? நீங்க திட்டணும், அவ்வளவுதான்."

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. "காலை இப்படிக் குடு" என்றார் நர்ஸம்மா. "மாசாமாசம் கேட்டேன். சேச்சேன்னியே. திருட்டுக் கழுதை!" டீச்சர் மறுபேச்சில்லாமல் திரும்பி உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே காலை நீட்டினார். நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார், சேஃப்டி பின்னைக் கொண்டு அங்கங்கே தொட்டுப் பார்த்தார். "புண் எதுவும் இல்ல. தப்பிச்சே. ஊருக்குத் திரும்பினதும் டாக்டர்கிட்ட நானே இழுத்துக்கிட்டுப் போறேன். இனிமே என்கிட்ட பொய் சொன்னே, பாரு." சொல்லிவிட்டுக் காலை உடனே விட்டுவிடவில்லை. மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டார். காலுக்கு அது தெரியவில்லை, ஆனால் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது.

"இப்போ என்ன டீச்சர் பண்றது? டிரைவர் தேடணுமா?" என்றாள் தையல், சின்னக் குரலில்.

டீச்சர் வெளியே சாலையைப் பார்த்தார். ஈரம் மினுமினுத்தது. இந்த ஈரத்தில் ஒரே மிதியாக மிதித்திருந்தால் சக்கரம் இறுகி, கார் வழுக்கிக்கொண்டு போய் லாரிக்கு அடியில் சொருகியிருக்கும். விட்டு விட்டு மிதித்ததால்தான் நின்றது. எந்த மிதியை மாற்று மாற்று என்று பதினெட்டு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாரோ, அந்த மிதி. இதை இவளிடம் சொன்னால் சாகும் வரை சொல்லிக் காட்டுவாளே என்றும் தோன்றியது.

"எவனையும் தேட வேண்டாம். வண்டியை எடு" என்றார்.

தையல் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக எடுத்தாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவுக்கு முன்னால் டீச்சர் குனிந்தார். கவிழ்ந்து கிடந்த செருப்பை நிமிர்த்திவைத்தார், மற்றதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். மரத்துப்போன காலை இரண்டு கையாலும் பிடித்து சீட்டுக்கு மேல் தூக்கிப்போட்டார். முழங்கால் கடமுடவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலையும் ஏற்றி அதன்மேல் மடக்கினார். எழுபது வயதில் சம்மணம் அவ்வளவு சுலபமாக வருமா? கோணல்மாணலாகத்தான் வந்தது.

தையல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். "டீச்சர்..." என்றாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"அழாதேடி, ரோடு தெரியாது" என்றார் டீச்சர். "எதிர்ல பஸ் வருது பாரு."

டக் டக் டக்கென்று கார் குலுங்கி வேகம் குறைந்தது. டீச்சர் காலை இறக்கவில்லை.