அவள் இருந்த அட்சரேகை

கப்பலில் போயிருக்க வேண்டியவன் நான்தான்.

திருவனந்தபுரத்தில் ராக்கெட் சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் நானும் என் மனைவியும் வேலை பார்க்கிறோம். அவள் ஆன்டெனா பிரிவு, நான் ராக்கெட்டின் பாதையைக் கணக்கிடும் பிரிவு. அவளுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம், எனக்குத் தக்கலை. கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ஏழாம் வகுப்பில் ஒரு மகள்.

அந்த வருடம் ஏவவிருந்த ராக்கெட் தெற்கே வெகுதூரம் போகும். ஒரு கட்டத்துக்குமேல் அதன் கீழே வெறும் கடல்தான், அதைப் பார்க்கத் தரையில் ஒரு நிலையமும் கிடையாது. ஆகவே ஆன்டெனாவைக் கப்பலில் ஏற்றி இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கொண்டுபோய் வைப்பதென்று முடிவானது. தரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு வடக்கு, கிழக்கு, தலைக்கு நேர் ‘மேல்’ மூன்றும் என்றைக்கும் மாறாது. கப்பலில் அப்படியில்லை. தளம் சாய்ந்தால் ‘மேல்’ சாய்ந்துவிடும், முகப்பு திரும்பினால் ‘வடக்கு’ திரும்பிவிடும். அதனால் ஆன்டெனா அளந்து சொல்வதை முதலில் அடிவானத்தை வைத்துத் திருத்த வேண்டும். பிறகு பூமியின் மையத்திலிருந்து அளந்ததாக மாற்ற வேண்டும். கடைசியாக, பூமியோடு சேர்ந்து சுழலாமல் நட்சத்திரங்களைப் பார்த்து அசையாது நிற்கும் அச்சுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனையையும் செய்யும் புரோகிராமை எழுதியது நான். அது என்னோடு கடலுக்கு வரும் என்று நினைத்துத்தான் எழுதினேன். சாலை பஜாரில் கனத்த மழைக்கோட்டுகூட வாங்கி வைத்திருந்தேன்.

மருத்துவப் பரிசோதனையில் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். சரிந்துபோய் டாக்டரின் மேஜையைப் பிடித்தேன். உட்காதில் கோளாறாம். ஆடும் தளத்துக்கான கணக்கை எழுதியவனால் ஆடாத தரையிலேயே நிற்க முடியவில்லை என்று கேன்டீனில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் இடத்துக்கு யார் என்று பேச்சு வந்தபோது என் மனைவி பெயரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆன்டெனாவும் தெரிந்தவள், சாப்பாட்டு மேஜையில் கேட்டுக்கேட்டு என் புரோகிராமும் தெரிந்தவள். அன்று மாலை சமையலறையில் நின்றபடி அவள் சொன்னாள். “நீங்க வேண்டாம்னு சொன்னா நான் போகல்ல.”

போ என்றேன். சரி என்றாள். அந்த ‘சரி’ வந்த வேகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சற்றுநேரம் தயங்குவாள், இரண்டாம் முறை கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. மழைக்கோட்டு அவளுக்குப் பெரிது. கையை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொச்சியில் கப்பல் ஏறினாள். தினமும் மதியம் கப்பல் இருக்கும் இடம் எங்கள் அலுவலகத்துக்கு வரும், அட்சரேகையும் தீர்க்கரேகையுமாக. வீட்டுக்கென்று அவள் தனியாக ஒரு சிறு மெயில் அனுப்புவாள். மகள் கூடத்துச் சுவரில் உலகப்படம் ஒட்டி அம்மா போகும் இடத்தில் ஊசி குத்த ஆரம்பித்தாள். பூமத்தியரேகையைக் கப்பல் தாண்டிய பிறகும் அவள் வடக்கிலேயே குத்திக்கொண்டிருந்தாள். நான் கவனித்தபோது ஊசி பஞ்சாபில் நின்றது.

“அப்பா, அம்மா பஞ்சாபில எத்தி,” என்றாள், போய்ச் சேர்ந்துவிட்டாளாம். எண்ணுக்குப் பக்கத்தில் தெற்கு என்று போட்டிருப்பதைப் பார்க்கச் சொன்னேன். ஊசியைப் பிடுங்கி, வெறும் நீலமாக இருந்த ஒரு இடத்தில் குத்தினாள். அந்த நீலத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் என் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, நானில்லாமல்.

மெயில்களில் ஒரு ஆள் வர ஆரம்பித்தார். கப்பலின் செகண்ட் ஆபீசர். ஜிபிஎஸ் இருந்தும் அந்தி நேரத்தில் செக்ஸ்டன்ட் கருவியை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போகிறவர். நட்சத்திரத்தைக் கண்ணாடியில் பிடித்து அடிவானத்தைத் தொடும்வரை இறக்கி, அந்தக் கோணத்தை வைத்துக் கப்பல் எங்கே என்று கண்டுபிடிப்பார். என் மனைவிக்கும் அதைப் பிடித்துப் பார்க்கக் கொடுத்தாராம். “அகத்திய நட்சத்திரத்தை இன்று நானே இறக்கினேன். நம் ஊரில் தென்னைக்கு மேலே கொஞ்சம் தெரியுமே, அது இங்கே தலைக்கு மேலே நிற்கிறது” என்று எழுதியிருந்தாள். மறுநாள் தென்வானத்தில் மேகம்போலத் தெரியும் இரண்டு வெளிச்சத் திட்டுகளைப் பற்றி. அதற்கு மறுநாள், செகண்ட் ஆபீசர் சொன்ன ஒரு தமாஷ்.

இதில் எது என்னை அதிகம் சுட்டது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதரா, அந்த வானமா? நட்சத்திரங்களை வைத்து நிலைநிறுத்திய அச்சுகளில் பல வருடம் வேலை செய்தவன் நான். அவை எனக்கு எப்போதும் திரையில் இருக்கும் மூன்று எண்கள்தான். கரமனையில் மொட்டைமாடிக்குப் போனால் தெருவிளக்கும் மேகமும். அவளுக்கோ வெட்டி வைத்தாற்போல முழுவட்ட அடிவானம் கிடைத்திருக்கிறது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும்.

கப்பலில் வேலை நேரத்தில் இதெல்லாம் எதற்கு, இனிமேல் இடமும் ஆன்டெனா நிலவரமும் மட்டும் எழுதினால் போதும் என்று பதில் போட்டேன். அவள் அப்படியே செய்தாள். அடுத்த மெயிலில் இரண்டு வரி, எண்கள் மட்டும். அதற்கடுத்ததிலும் அதேதான். அம்மா ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று மகள் கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

பிறகு ஒருநாள் எண்கள் விசித்திரமாக இருந்தன. தெற்கே போய்க்கொண்டிருந்த கப்பல் தெற்கே போகவில்லை. மறுநாளும் கிட்டத்தட்ட அதே இடம், கொஞ்சம் பின்னால்கூட. அலுவலகத்துக்கு வந்திருந்த, கப்பல் தளத்தின் சாய்வுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். இவ்வளவுதான் சாயும் என்று ஒரு எல்லை வைத்துத்தான் புரோகிராமை எழுதியிருந்தேன். அந்த எல்லையைத் தளம் தொட்டுத்தொட்டுத் திரும்பியிருந்தது. புயலில் அலைக்கு முகம் கொடுத்து நிற்கிறார்கள் என்று புரிந்தது. ஒவ்வொரு சாய்விலும் அவள் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஆனால் எனக்கு வந்த மெயிலில் இடம் இருந்தது, “ஆன்டெனா நலம்” என்று இருந்தது. அவ்வளவுதான். அப்படி எழுதச் சொன்னவன் நான்.

பயந்துபோனேன். எப்படி இருக்கிறாய் என்று எழுதிக் கேட்டேன். சாப்பாடு தங்கவில்லை, மற்றபடி பயமில்லை என்று பதில் வந்தது. என் பயத்துக்கு அடியிலும் ஒரு குரல் ஓயவில்லை. இந்த ஆட்டத்தைத் திருத்தத்தானே நீ கணக்கெழுதினாய், அதைக் காலால் உணர்கிறவள் அவள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஏவுதல் ஒரு காலையில் நடந்தது. கட்டுப்பாட்டு அறையில் பின்வரிசையில் எனக்கு இடம். ராக்கெட் தரை நிலையங்களின் பார்வையிலிருந்து மறைந்ததும் அறை அமைதியானது. பிறகு ஒலிபெருக்கியில் என் மனைவியின் குரல். வீட்டில் ‘பால் வந்துவிட்டது’ என்பதைப்போல, சிக்னல் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன, என் புரோகிராமின் எண்கள், சரியாக. எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்து பிரிவுத் தலைவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கி, உங்கள் மனைவி அசத்திவிட்டார் என்றார். நன்றி சொன்னேன். பெருமையாகவும் இருந்தது, கசப்பாகவும் இருந்தது.

கொச்சியில் இறங்கி ரயிலில் வந்தவளைக் கூட்டிவர நிலையத்துக்குப் போனேன். பிளாட்பாரத்தில் காலை அகட்டி வைத்து நடந்து வந்தாள். தரை இன்னும் ஆடுகிறது என்றாள். ஆட்டோவில் தம்பானூர் தாண்டும்வரை மகளைப் பற்றியே பேசினாள். கிள்ளிப்பாலத்தில் நெரிசலில் நின்றோம். நான் அந்த செகண்ட் ஆபீசரைப் பற்றி, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அவருக்கு எங்க அப்பா பிராயம் ஆக்கும்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நீங்க பொறாமைப்படுதியன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்,” என்றாள்.

அதெதற்கு என்று கேட்டேன்.

“அந்த ஆகாசத்தைப் பத்திக் கேட்டா வயிறெரியக்கூடிய ஆளு எனக்கு நீங்க ஒருத்தர்தான் உண்டு. அம்மைட்ட சொன்னா, குளிருச்சான்னு கேப்பா. நீங்க அதையும் எழுதாதேன்னு சொல்லிட்டிய.”

நெரிசல் நகர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு வெளிச்சத் திட்டுகள் எப்படியிருந்தன, முதலிலிருந்து சொல் என்றேன். குளிக்கக்கூடப் போகாமல் சொன்னாள். பொறாமை குறையவில்லை. கேட்கக் கேட்கக் கூடியது. ஆனால் அவள் நிறுத்தக்கூடாது என்றும் இருந்தது.

அடுத்த ஏவுதலுக்குக் கழக்கூட்டத்தில் குடியிருக்கும் ஒரு இளைஞனை அனுப்பினார்கள். கெட்டிக்காரன், காதில் கோளாறில்லை. அவனுடைய தினசரி மெயில் எங்கள் இருவருக்கும் வந்தது. ஒருநாள் மதியம் இரண்டுபேரும் கேன்டீனில் ஒரே போனில் குனிந்து படித்தோம். கப்பலில் மீன் குழம்பு நன்றாயிருந்தது, ஜிம் இருக்கிறது, ஆன்டெனா நலம் என்று எழுதியிருந்தான். கீழே கப்பல் இருக்கும் இடம், போன தடவை அவள் இருந்த அதே அட்சரேகை. என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி அந்த எண்களை மட்டும் மறுபடி பார்த்தாள்.

“இந்த இடத்தில நிக்கான்,” என்றாள். “இவன் ராத்திரி ஒருதடவைகூட மேல ஏறிப் பாக்கல்ல போல.”

பாவி என்றேன் நான். அவள் தலையாட்டினாள். இருவரும் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு அவரவர் பிரிவுக்குப் போனோம்.