லீவு லெட்டரில் ஒரு ‘டு’

2005 வாக்கில், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாக இருந்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பெண்கள். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துதான் சாப்பிடப் போவார்கள். என் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருமுறை யாரோ சிரித்ததிலிருந்து நான் வாயே திறப்பதில்லை.

அக்கா வளைகாப்புக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. லீவு லெட்டரைத் தமிழிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவள் என்ற நினைப்பு எனக்கு. ‘ஐ வான்ட் லீவ் ஃப்ரம் மண்டே’ என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ குறைவதுபோல் இருந்தது. நடுவில் ஒரு ‘டு’ சேர்த்து, ‘ஐ வான்ட் டு லீவ்’ ஆக்கினேன். படித்துக்காட்ட ஆள் இல்லை. சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ஊரிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தால், செக்யூரிட்டி உள்ளே விடவில்லை.

“இன்னாம்மா, நீ வேலைய வுட்டுட்டியாமே. லிஸ்ட்டுல உன் பேர அடிச்சிக்கீறாங்க.”

பையோடு வாசல் ஓரமாக நின்றேன். காலை ஷிப்டுக்கு நூறு பேராவது என்னைத் தாண்டி உள்ளே போயிருப்பார்கள். கூப்பிட்டு நிறுத்தும் அளவுக்கு ஒருவரோடும் எனக்குப் பழக்கம் இல்லை.

ஒருத்தி மட்டும் தானாக நின்றாள். எங்கள் அறையில் ஜன்னலோரம் படுப்பவள், செய்யாறு பக்கத்துப் பெண். விஷயத்தைக் கேட்டாள். செக்யூரிட்டியிடம் பேசி, ஷிப்டுக்கு நேரமாவதையும் பார்க்காமல் என்னை எச்.ஆர். அதிகாரியிடம் கூட்டிப் போனாள்.

அவர் என் லெட்டரை எடுத்து நீட்டினார். “லீவு வேணும்னா ‘டு’ வராதும்மா. ‘டு’ போட்டா, வேலையை விட்டுப் போறேன்னு அர்த்தம்.”

“நான் லீவுதான் சார் கேட்டேன்.”

அதற்குமேல் அவள்தான் பேசினாள். “வேலைய வுட்டுட்டுப் போறவ, தோய்ச்ச யூனிஃபார்ம கொடியில காயப் போட்டுட்டா சார் போவா? மழை வந்துச்சின்னு நான்தான் எடுத்து மடிச்சி வெச்சேன்.”

அதிகாரி தமிழில் வேறு லெட்டர் எழுதச் சொன்னார். வேலை திரும்பக் கிடைத்தது, டிரெய்னிங் மட்டும் முதல் நாளிலிருந்து மறுபடி. அவள் தாமதமாகப் போனதற்கு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

அன்றுவரை ஐந்து மாதம் ஒரே அறையில் படுத்தும் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை படித்துக்காட்டுகிறேன், அந்தச் சாக்கிலாவது இரண்டு வார்த்தை பேசலாமே என்று.